சுரப்பு விடும் நேரம்

சென்னை சென்ட்ரலிலிருந்து புறப்படும் குளிர்சாதன விரைவு ரயில் ஒன்று சாந்த்ராகாச்சியோடு நின்றுவிடும். கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில் இருக்கும் ஹவுரா நகரத்தின் ஒரு பகுதி அது. ரயில் நிலையத்தை ஒட்டி ஒரு பெரிய ஏரி இருக்கிறது. குளிர்காலத்தில் சீழ்க்கைச் சிறகிகள் கூட்டம் கூட்டமாக வந்து, ஆகாயத்தாமரைத் திட்டுகளின் மேல் உட்கார்ந்திருக்கும். அவற்றைப் பார்க்கத்தான் விடியற்காலையில் போனேன். திரும்பும்போது ஒரு சந்திலிருந்து சாண வாசமும் ஊறிய புண்ணாக்கின் வாசமும் சேர்ந்து வந்தன. கிராமத்தில் வளர்ந்தவர்களுக்கு அந்த வாசம் வந்தால் கால் தானாக அந்தப் பக்கம் திரும்பும்.

உள்ளே ஒரு மாட்டுக் கொட்டில். வங்காளத்தில் இதைக் ‘காட்டால்’ என்கிறார்கள். தகரக் கூரை, ஈரமான சிமென்ட் தரை, வரிசையாக எருமைகள். பீகாரிலிருந்து வந்த நடுவயதுப் பால்காரர் ஒருவர் கன்றை அவிழ்த்துவிட்டார். அது ஓடிப்போய்த் தாயின் மடியைத் தலையால் இரண்டு முட்டு முட்டி, காம்பு மாற்றிக் காம்பு சப்பியது. சிறிது நேரத்தில் அதை இழுத்துத் தாயின் முன்னங்கால் அருகே கட்டினார். எருமை கன்றை நக்கத் தொடங்கியது. அவர் விரலில் கடுகெண்ணெய் தொட்டுக்கொண்டு, வாளியை முழங்கால்களுக்கு இடையில் வைத்து, மடியில் கையை வைத்தார். ஆனால் கறக்கவில்லை. மடியை மெல்லத் தடவியபடி உட்கார்ந்திருந்தார்.

“ஏன் நிறுத்திவிட்டீர்கள்?” என்று எனக்குத் தெரிந்த இந்தியில் கேட்டேன்.

“கொஞ்சம் பொறுங்க தாதா. சம்பா இன்னும் விடலை,” என்றார்.

ஒரு நிமிடம் போனது. இரண்டாவது நிமிடமும் போனது. தளர்ந்து தொங்கிய காம்புகள் பருத்து, தோல் மினுமினுத்தது. பிறகுதான் அவர் விரல்களை மடக்கினார். வெறும் வாளியில் பால் விழும் ‘சர் சர்’ ஓசை, நுரை ஏற ஏற அடங்கிக் கனத்தது.

அவர் காத்திருந்த அந்த இரண்டு நிமிடத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. மாட்டை வைத்து வேலை வாங்கும் பழைய முறைகளையும் புதிய முறைகளையும் ஒப்பிட அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

மடிக்குள் நடப்பது

‘மாடு சுரப்பு விட்டுடுச்சு’, ‘பாலை மேலே ஏத்திக்கிச்சு’ என்று நம் ஊரில் கறவைக்காரர்கள் சொல்வார்கள். இந்த இரண்டு சொற்களிலும் ஓர் உடலியல் உண்மை இருக்கிறது. மடி என்பது பால் நிரம்பிய குடம் இல்லை. பாலின் பெரும்பகுதி, கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான நுண்பைகளிலும் அவற்றிலிருந்து வரும் மெல்லிய குழாய்களிலும் தங்கியிருக்கிறது. காம்புக்கு மேலே உள்ள சேமிப்பறையில் இருப்பது கொஞ்சம்தான். பசுவுக்கு ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு, எருமைக்கு வெறும் 5 சதவீதம். கையால் பிழிந்தாலும் இயந்திரத்தால் உறிஞ்சினாலும் நேரடியாகக் கிடைப்பது இந்தச் சேமிப்பறைப் பால்தான். மீதியை மாடாக இறக்கிவிட்டால்தான் உண்டு.

இறக்கிவிடுவது இப்படி: கன்று முட்டும்போதும் சப்பும்போதும் காம்பிலுள்ள நரம்புகள் மூளைக்குச் செய்தி அனுப்புகின்றன. மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பியின் பின்பகுதியிலிருந்து ஆக்ஸிடோசின் என்ற ஹார்மோன் இரத்தத்தில் கலக்கிறது. அது மடியை அடைந்ததும், ஒவ்வொரு நுண்பையையும் கூடை போலச் சுற்றியிருக்கும் செல்கள் தசையைப் போலச் சுருங்குகின்றன. நுண்பைகள் பிழியப்பட்டுப் பால் கீழே இறங்குகிறது, காம்பு பருக்கிறது. பசுவுக்கு ஒரு நிமிட அளவில் நடக்கும் இது, சேமிப்பறை சிறிதாக உள்ள எருமைக்கு இன்னும் நேரம் எடுக்கும். ஆக்ஸிடோசின் இரத்தத்தில் சில நிமிடங்களே தாக்குப்பிடிக்கும். ஆகவே சுரப்பு விட்டதிலிருந்து ஐந்து, ஏழு நிமிடங்களுக்குள் கறந்து முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு இழுத்தால் காம்புதான் புண்ணாகும்.

இதைக் கண்டுபிடிக்க அறிவியலுக்கு வெகுகாலம் ஆனது. பிட்யூட்டரி சாறு கருப்பையைச் சுருங்கச் செய்கிறது என்று 1906-இல் இங்கிலாந்தில் ஹென்றி டேல் கண்டார். அதே சாறு ஆட்டின் மடியில் பாலை இறக்குகிறது என்று 1910-இல் ஆட், ஸ்காட் என்ற இருவர் காட்டினார்கள். 1941-இல் அமெரிக்காவில் ஈலியும் பீட்டர்சனும் செய்த சோதனைதான் படத்தைத் தெளிவாக்கியது. பசுவின் மடியில் ஒரு பாதிக்குப் போகும் நரம்புகளை அவர்கள் துண்டித்தார்கள். அப்படியும் இரண்டு பாதியிலும் பால் ஒன்றுபோல இறங்கியது. அதனால் மடிக்கு வரும் கட்டளை நரம்பு வழியாக வரவில்லை, இரத்தத்தின் வழியாக வருகிறது என்று தெரிந்தது.

அதே ஆராய்ச்சியில் அவர்கள் இன்னொன்றும் செய்தார்கள். பசுவின் முதுகில் ஒரு பூனையை ஏற்றிவிட்டு, பக்கத்தில் காகிதப் பைகளை ஊதி உடைத்தார்கள். மிரண்ட பசு பாலை விடவில்லை. அட்ரினலின் ஊசி போட்டபோதும் இதுவே நடந்தது. பயம் வந்தால் ஆக்ஸிடோசின் வெளிவருவது தடைபடுகிறது; அட்ரினலினோ மடிக்குப் போகும் இரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடுகிறது. ‘ஏத்திக்கிச்சு’ என்று நம் ஆட்கள் சொல்வது இதைத்தான். மாடு அடம் பிடிக்கவில்லை. பயந்த உடலால் பாலை இறக்க முடியாது.

வைக்கோல் கன்றும் ஊதுகுழலும்

மூளையில் இருக்கும் இந்தக் கதவைத் தட்டும் வழிகள்தான் கறவையின் வரலாறு முழுவதும். கன்று தட்டுவது முதல் வழி. கன்று இறந்துவிட்டால்? சென்னையில் பால்காரர் மாட்டை வீட்டு வாசலுக்கே ஓட்டிவந்து கறந்த காலத்தைப் பார்த்தவர்களுக்கு, கூடவே அவர் தூக்கிவந்த வைக்கோல் கன்றும் நினைவிருக்கும். இறந்த கன்றின் தோலை உரித்து, வைக்கோல் திணித்து, மூங்கில் கால் வைத்துத் தைத்தது. மாடு அதை நக்கிக்கொண்டே நிற்கும். மாட்டின் மூளை வாசனையால் கன்றை அடையாளம் காண்கிறது. அந்த வாசனையே சில சமயம் சுரப்பைத் தூண்டப் போதுமானதாகிவிடுகிறது. சிறு வயதில் அது எனக்குப் பெரிய விந்தையாக இருந்தது. இன்று நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

கொல்கத்தாவின் காட்டால்களில் இதைவிடக் கொடிய ஒரு வழி புழங்கியது. அதன் பெயர் ‘ஃபூக்கா’. இந்தியில் ஊதுவதைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. மாட்டின் பிறப்புறுப்புக்குள் குழாயைச் செலுத்திக் காற்றை ஊதுவார்கள். வலி தாளாமல் மாடு முதுகை வளைத்து நிற்கும், பால் இறங்கிவிடும். இது எப்படி வேலை செய்தது என்று இன்று விளக்க முடியும். குட்டி வெளிவரும்போது கருப்பை வாய் விரிவதை மூளை உணர்ந்து ஆக்ஸிடோசினைக் கொட்டுகிறது. ஊதிய காற்று அந்த விரிவைப் போலியாக உண்டாக்குகிறது. உடலை ஏமாற்றும் இந்த வித்தை மிகப் பழையது. கி.மு. ஐந்தாம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ், சிதியர்கள் எலும்புக் குழாயால் பெண் குதிரைகளுக்குள் ஊதிப் பால் கறந்ததை எழுதி வைத்திருக்கிறார்.

விலங்குவதைத் தடுப்புச் சங்கம் இந்தியாவில் முதலில் கொல்கத்தாவில்தான் தோன்றியது. 1861-இல் கோல்ஸ்வொர்த்தி கிராண்ட் தொடங்கினார். 1890-ஆம் ஆண்டு விலங்குவதைச் சட்டத்திலேயே ஃபூக்கா தனியாகப் பெயர் சொல்லித் தடை செய்யப்பட்டது. அப்படியும் அது நிற்கவில்லை. கறவை மாடுகள் கொட்டில்காரர்களிடம் படும் சித்திரவதைகளை விவரிக்கும் வெளியீடுகள் கொல்கத்தாவிலிருந்து தென்னாப்பிரிக்காவில் இருந்த காந்தியின் கைக்குப் போய்ச் சேர்ந்தன. 1912-இல் டால்ஸ்டாய் பண்ணையில் அவரும் நண்பர் காலன்பாக்கும் பால் குடிப்பதை விட்டார்கள். பின்னாளில் கடும் நோயில் படுத்தபோது மருத்துவர் பால் குடிக்கச் சொன்னார், கஸ்தூரிபா ஆட்டுப்பாலைச் சொன்னார், காந்தி இணங்கினார். பசுவும் எருமையும் ஃபூக்காவுக்கு ஆளாவதை அறிந்த பின் பால் மீதே வெறுப்பு வந்துவிட்டதாகத் தன் வரலாற்றில் அவர் எழுதுகிறார். நாம் புகைப்படங்களில் பார்க்கும் அந்த ஆட்டுக்குப் பின்னால் ஒரு கொல்கத்தாக் கொட்டில் இருக்கிறது.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தில் 12-ஆவது பிரிவு இன்றும் ஃபூக்காவைப் பெயர் சொல்லித் தண்டிக்கிறது. பால் பெருக்குவதற்காக மாட்டின் உடல்நலத்தைக் கெடுக்கும் ஊசிகளும் பின்னர் அதே பிரிவில் சேர்க்கப்பட்டன.

பழையதெல்லாம் இயற்கையோடு இயைந்தது, புதியதெல்லாம் கொடுமை என்று பேசுகிறவர்கள் ஃபூக்காவை மறந்துவிடுகிறார்கள். அதுவும் பழைய முறைதான்.

நகரம் கேட்ட பால்

கொட்டில்காரர்கள் கல் நெஞ்சக்காரர்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பஞ்சாபிலிருந்தும் ஹரியானாவிலிருந்தும் கன்று ஈன்ற நல்ல கறவை எருமைகளை விலைக்கு வாங்கி ரயிலில் கொல்கத்தாவுக்குக் கொண்டுவந்தார்கள். நகரத்தில் மேய்ச்சல் நிலம் இல்லை. வைக்கோல் முதல் தவிடு வரை எல்லாம் காசு. கன்று குடிக்கும் ஒவ்வொரு படி பாலும் விற்க வேண்டிய பால். கிடாக் கன்று பட்டினியில் செத்தது. பால் மறத்த எருமையை அடுத்த சினை வரை சும்மா வைத்துத் தீனி போட முடியாமல் அடிமாடாக விற்றார்கள். கன்று இல்லாத எருமை பாலை விடாது. விடாத பாலை எடுக்க ஃபூக்கா வந்தது. நகரம் வாசலிலேயே பால் கேட்டது. அதற்கான விலையை எருமை கொடுத்தது.

அரசு இரண்டு வழிகளை முயன்றது. ஒன்று, மாட்டை நகரத்துக்கு வெளியே கொண்டுபோவது. பம்பாய்க்கு ஆரே, சென்னைக்கு மாதவரம் என்பதைப் போல, கொல்கத்தாவுக்கு நதியா மாவட்டத்தில் ஹரிங்காட்டா பால் குடியிருப்பு உருவானது. 1959-இல் மேற்கு வங்கம் மாடு வளர்ப்புக்கு உரிமச் சட்டம் கொண்டுவந்தது. ஆனாலும் பால் போதவில்லை. 1965-இல் சேனா சேர்த்த இனிப்புகளுக்கே மாநில அரசு தடை போட்டது. பாலைத் திரித்து எடுக்கும் சேனாவில்தான் ரசகுல்லாவும் சந்தேஷும் செய்கிறார்கள். வங்காளியின் தட்டிலிருந்து சந்தேஷை எடுக்கும் அளவுக்குத் தட்டுப்பாடு இருந்தது.

இன்னொரு வழி, மாட்டைக் கிராமத்திலேயே விட்டுவிட்டுப் பாலை மட்டும் நகரத்துக்குக் கொண்டுவருவது. 1970-இல் தொடங்கிய வெண்மைப் புரட்சித் திட்டம் கொல்கத்தா, சென்னை, மும்பை, தில்லி என்ற நான்கு நகரங்களையும் குறிவைத்தது. சாந்த்ராகாச்சிக்கு வடக்கே டன்குனியில் எழுந்த மதர் டெய்ரி ஆலை அதன் பலன். குளிர்பதனமும் டேங்கரும் வந்த பிறகு, கன்றும் மேய்ச்சலும் உள்ள ஊரிலேயே மாடு இருக்க முடிந்தது. கொல்கத்தாவின் எருமைகளுக்கு நடந்த மிகப் பெரிய நன்மை எது என்று கேட்டால், பாலைக் கெடாமல் வைக்கும் குளிர்சாதனப் பெட்டி என்பேன். காட்டால்களை அப்புறப்படுத்த உயர் நீதிமன்றமும் உத்தரவிட்டது. எண்ணிக்கை குறைந்தது, முற்றிலும் மறையவில்லை. கண் முன்னால் கறந்த பாலை நம்புகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஊசி வந்த கதை

1953-இல் வின்சென்ட் டு விக்னோ ஆக்ஸிடோசினை ஆய்வகத்தில் உருவாக்கினார். ஒன்பது அமினோ அமிலங்கள் கோத்த ஒரு சிறு சங்கிலி அது. 1955-இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. பிரசவத்துக்குப் பின் இரத்தப்போக்கால் உயிர் போகும் நிலையில் இருக்கும் தாய்மாரைக் காப்பாற்றும் மருந்து அது. அதே மருந்து மலிவான குப்பிகளில் மாட்டுக் கொட்டிலுக்கும் வந்து சேர்ந்தது. கன்றும் வேண்டாம், ஊதுகுழலும் வேண்டாம்; ஊசி குத்திய சற்று நேரத்தில் பால் இறங்கும்.

ஃபூக்கா மூளையின் கதவை உடைத்தது. ஊசி மூளையின் பக்கமே போகவில்லை; நேராக மடிக்குக் கட்டளை கொடுத்தது. தினம் ஊசி போட்டால் மடியின் செல்கள் பெரிய அளவுக்குப் பழகிப்போகின்றன. ஊசியை நிறுத்தினால், மாட்டின் சொந்த ஹார்மோன் வந்தும் அவை முன்போல முழுதாகச் சுருங்குவதில்லை. ஊசி இல்லாமல் விடாத மாடாக அது மாறிவிடுகிறது.

ஊசி போட்ட மாட்டுப் பாலைக் குடித்தால் பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வந்துவிடுவார்கள் என்ற பேச்சு பரவலாக உண்டு. அதற்கு அறிவியல் ஆதாரம் இல்லை. ஆக்ஸிடோசின் புரதத்தைப் போன்ற சங்கிலி. வயிற்றில் செரித்துத் துண்டு துண்டாகிவிடும். நம் உடம்புக்குக் கேடு என்று பயந்துதான் ஊசியை எதிர்க்க வேண்டும் என்றில்லை. கேடு மாட்டுக்கு, எதிர்க்க அது போதும்.

2018-இல் மத்திய அரசு இம்மருந்தைத் தனியார் தயாரிக்கத் தடை விதித்து, ஒரே ஒரு பொதுத்துறை நிறுவனத்துக்கு மட்டும் அனுமதி தந்தது. மகப்பேறுக்கு மருந்து கிடைக்காமல் போகும் என்று வழக்கு வந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்தது. மாட்டைக் காக்க எடுத்த நடவடிக்கை தாய்மாரை ஆபத்தில் தள்ளிவிடக் கூடாது என்ற கவலை நியாயமானது. கள்ளக் குப்பியைப் பிடிப்பதோடு, கொட்டிலுக்கு அது ஏன் தேவைப்படுகிறது என்பதையும் மாற்ற வேண்டும்.

இயந்திரம் கன்றிடம் கற்றது

அப்படியானால் நவீனம் என்பது ஊசி மட்டும்தானா? இல்லை. 1992-இல் நெதர்லாந்தில் பண்ணைகளுக்கு வந்த கறவை ரோபோவைப் பாருங்கள். மாட்டை யாரும் ஓட்டிவருவதில்லை. மடி கனத்து, அடர்தீவனத்தின் ஆசையும் சேர்ந்ததும் அதுவே நடந்து கூண்டுக்குள் வருகிறது. கழுத்துப் பட்டையில் உள்ள மின்னணு அட்டையால் ரோபோ அதை அடையாளம் காண்கிறது. முதலில் சுழலும் தூரிகைகளோ வெதுவெதுப்பான நீரோ காம்பைச் சுத்தம் செய்கின்றன. அந்தத் தேய்ப்பு அழுக்கை எடுப்பதற்கு மட்டுமல்ல. கன்றின் நாக்கு செய்யும் வேலையையும் அது செய்கிறது. சுரப்பு விட நேரம் கொடுத்த பிறகே குழல் உறிஞ்சுகிறது. எவ்வளவு விலை உயர்ந்த இயந்திரத்தாலும் அந்த ஒரு நிமிடத்தைத் தாண்டிக் குதிக்க முடியவில்லை.

ஹோல்ஸ்டீன் போன்ற மாடுகளைப் பல தலைமுறைகளாகக் கன்று இல்லாமலே சுரப்பு விடும்படி தேர்ந்தெடுத்து வளர்த்தார்கள். நம் நாட்டு மாடுகளும் எருமைகளும் பெரும்பாலும் கன்றையே கேட்கும். கன்று பிறந்தவுடன் பிரித்துவிடும் மேலைநாட்டு முறை எனக்கு உவப்பாக இல்லை. நம் ஊரில் ஒரு காம்பைக் கன்றுக்கு விட்டுவிட்டு மீதியைக் கறக்கும் வீடுகள் இருக்கின்றன. அந்த வழக்கத்தில் உள்ள அறிவை எந்த ரோபோவும் மிஞ்சவில்லை.

பயம் பாலைக் குறைக்கும் என்பதை அளந்தும் பார்த்திருக்கிறார்கள். கனடாவில் 1999-இல் வெளியான ஓர் ஆய்வில், முன்பு தன்னை முரட்டுத்தனமாக நடத்திய ஆள் கறவையின்போது பக்கத்தில் நின்றாலே, பசு விடாமல் மடியில் தங்கவைத்த பால் 70 சதவீதம் கூடியது. அவர் அடிக்கக்கூட இல்லை, நின்றார், அவ்வளவுதான். 2009-இல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தார் 516 பண்ணையாளர்களிடம் விசாரித்தார்கள். பசுக்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடும் பண்ணைகளில் ஒரு மாட்டுக்கு ஆண்டுக்கு 258 லிட்டர் பால் கூடுதலாகக் கிடைத்திருந்தது. பெயரே பாலைக் கூட்டிவிட்டது என்று இதற்குப் பொருள் சொல்ல முடியாது. பெயர் வைக்கிறவர் மாட்டைத் தனித்தனியாக அறிந்தவராக இருப்பார். அந்த அறிதல் கையில் தெரியும். லட்சுமி, சிவப்பி, கருப்பாயி என்று கூப்பிட்ட நம் பாட்டிமார்களுக்கு இது செய்தியே இல்லை.

மாட்டுக் கண் ஏறக்குறைய முழு வட்டத்தையும் பார்க்கும். நேர் பின்புறம்தான் அதற்குத் தெரியாது. நமக்குக் கேட்காத மெல்லிய உயரொலிகளும் அதற்குக் கேட்கும். அமெரிக்காவின் டெம்பிள் கிராண்டின் இதை வைத்துத்தான் மாட்டுப் பண்ணைகளின் வடிவமைப்பையே மாற்றினார். ஆட்டிசம் உள்ள அவர், மாடு போகும் பாதையில் தானே நடந்து பார்த்து, தொங்கும் சங்கிலி, ஈரத்தில் மின்னும் ஒளி, திடீர் நிழல் என எவை அதை மிரட்டுகின்றன என்று கண்டறிந்தார். கோலால் அடித்து ஓட்டிய இடங்களில் வளைந்த பாதையும் வழுக்காத தரையும் வந்தன. பின்னாலிருந்து சத்தமில்லாமல் வராதே, தோளருகே நின்று குரல் கொடு, பிறகு தொடு என்று நம் மேய்ப்பர்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததும் இதே பாடம்தான்.

ஒரு மாடு வைத்திருப்பவரும் நூறு மாடு வைத்திருப்பவரும் இதிலிருந்து எடுத்துக்கொள்ளக்கூடியவை எளியவை. தினமும் ஒரே நேரம், முடிந்தவரை ஒரே ஆள். மடியை வெதுவெதுப்பான நீரில் கழுவித் துடைப்பது. காம்பு பருக்கும் வரை பொறுப்பது. பருத்தபின் தாமதிக்காமல் முழுக்கையால் கறந்து முடிப்பது. கட்டைவிரலை மடக்கி இழுப்பது காம்பின் உட்தோலைக் கெடுக்கும். கொட்டிலில் வழுக்காத தரை. கறவை நேரத்தில் சண்டையும் நாயும் வேண்டாம். இவற்றில் எதற்கும் பெரிய செலவு இல்லை. பழைய முறையா புதிய முறையா என்ற வாதத்தை இவற்றுக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

சாந்த்ராகாச்சிக் கொட்டிலில் அன்று கறவை முடிந்ததும் பால்காரர் கன்றை மறுபடி அவிழ்த்துவிட்டார். ஒரு காம்பில் அதற்கென்று மிச்சம் வைத்திருந்தார். அது குடிக்கும்போது வாலை ஆட்டிய வேகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

“ஊசி போட்டால் நேரம் மிச்சமாகுமே?” என்று கேட்டேன்.

அவர் சம்பாவின் முதுகில் கையை வைத்தபடி சொன்னார்: “ரெண்டு நிமிஷம்தானே தாதா. அதைக்கூட இவளுக்குக் கொடுக்கலைன்னா, இவகிட்ட நான் என்னன்னு கேட்பேன்?”